டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் பழுது: குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

கன்ட்ரோலர் போர்டில், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்சான மாஸ்ஃபெட் ஒன்று வெடித்துக் கிடக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போட்டு மின்சாரம் கொடுக்கிறோம். இரண்டு நொடியில் அதுவும் போகிறது. டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் பழுதுபார்ப்பில் பணமும் பொறுமையும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வெடித்த பாகம் அடிபட்டது; அடித்தது வேறொன்று. உலர்ந்த கெப்பாசிட்டர், செத்துப்போன டையோடு, மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும் காலான கேட்டுக்குப் போதாத வோல்டேஜ், இறுகிப்போன மோட்டார் என்று அந்த வேறொன்று போர்டிலும் இருக்கலாம், போர்டுக்கு வெளியிலும் இருக்கலாம். அதனால் கீழே வரும் வரிசையில் பாகம் மாற்றும் வேலையை வெகுவாகப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

டையோடு மோடு உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை, சில இழை பல்புகள், 60 வாட் சால்டரிங் அயன், ஈயம் உறிஞ்சி ஆகியவை இருந்தால் போதும். ஆசிலோஸ்கோப் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டாலும் பெரும்பாலான பழுதுகளைப் பிடித்துவிடலாம்.

எந்த வகை கன்ட்ரோலர்?

பேட்டரியில் ஓடும் 12 முதல் 48 வோல்ட் மோட்டார்களுக்கு வருபவை அநேகமாக பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றும்) வகை. அதில் மாஸ்ஃபெட் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகிறது. ஆன் ஆக இருக்கும் நேரம் கூடக்கூட மோட்டாருக்குக் கிடைக்கும் சராசரி வோல்டேஜும் கூடும்: 24 வோல்ட் பேட்டரியில் பாதி நேரம் ஆன் என்றால் மோட்டாருக்குச் சராசரி 12 வோல்ட்.

லேத், கன்வேயர், பழைய ட்ரெட்மில் போன்றவற்றில் ஏசி லைனிலிருந்து நேராக ஓடுவது எஸ்சிஆர் வகை; எஸ்சிஆர் என்பது ட்ரிக்கர் கொடுத்தால் ஆன் ஆகும் ஒரு சுவிட்ச். ஏசி அலையின் எந்தப் புள்ளியில் எஸ்சிஆரை ட்ரிக்கர் செய்கிறோம் என்பதை வைத்து அது வேகத்தைத் தீர்மானிக்கிறது. 120 வோல்ட் லைனுக்கு 90 வோல்ட் மோட்டார், 230 வோல்ட் லைனுக்கு 180 வோல்ட் மோட்டார் என்பது வழக்கமான ஜோடி. லைனை ரெக்டிஃபை செய்து, அதாவது டிசியாக மாற்றி, பிறகு ஐஜிபிடி (மாஸ்ஃபெட் போன்ற இன்னொரு சுவிட்ச்) அல்லது மாஸ்ஃபெட் வைத்து பிடபிள்யூஎம் செய்யும் கலப்பு வகையும் உண்டு. புதிய ட்ரெட்மில்களில் அதைப் பார்க்கலாம்.

இந்தப் பிரிவை முதலிலேயே பார்க்கச் சொல்வது உயிருக்காக. லைனில் ஓடும் போர்டுகள் பலவற்றில் கன்ட்ரோல் பகுதி லைனிலிருந்து பிரிக்கப்பட்டிருக்காது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன வால்யூமின் மூன்று கால்களிலும்கூட லைன் வோல்டேஜ் இருக்கலாம். ஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் லைன் நேராக எர்த்துக்கு ஷார்ட் ஆகும். போர்டும் போகும், ஸ்கோப்பும் போகும். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இந்த வகையில் ஸ்கோப்பை எடுக்காதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 230 வோல்ட் லைனில் ரெக்டிஃபை ஆன பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்புகளில் பிடித்துச் சில நொடிகள் குறுக்கே வையுங்கள். பிறகு மீட்டரை வைத்துப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கெப்பாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல். பேட்டரி வகையில் ஷாக் பயம் குறைவு, தீ பயம் அதிகம். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இல்லாமல் சோதனையைத் தொடங்க வேண்டாம். மோட்டாரில் பெல்ட், செயின், சக்கரம் எது இருந்தாலும் கழற்றிவிடுங்கள். பழுதான கன்ட்ரோலர் எச்சரிக்கை இல்லாமல் முழு வேகத்தில் ஓடவிடும்.

முதலில் கன்ட்ரோலருக்கு வெளியே

மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒயர்கள் திறந்திருக்கும்போது தடையில்லாமல் சுற்ற வேண்டும். நிரந்தரக் காந்த மோட்டாரில் இரண்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் இறுக வேண்டும். திறந்த நிலையிலேயே விட்டுவிட்டு இறுகினால் பேரிங் அல்லது ஆர்மேச்சர் காயில் ஷார்ட். தொடவைத்தும் இறுகாவிட்டால் பிரஷ் கம்யூட்டேட்டரைத் தொடவில்லை.

அடுத்து ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் பெரும்பாலும் கார்பன் பிரஷ்ஷின் தூள்தான். அது மின்சாரத்தைக் கடத்தும். பிரஷ் பக்கத்து மூடியைத் திறந்து துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

பிறகு பியூஸ் வழியாக மோட்டாரை நேரே பேட்டரியில் கொடுங்கள். சுமை இல்லாமல் ஓடும்போது பெயர்ப் பலகையில் போட்டிருக்கும் கரண்டில் சிறு பங்குதான் எடுக்க வேண்டும். பாதியை நெருங்கினால் மோட்டாரில் கோளாறு; அதைச் சரிசெய்யாமல் கன்ட்ரோலரைச் சரிசெய்து பயனில்லை. ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்மேச்சர் ரெசிஸ்டன்ஸ் அரை ஓம் உள்ள 24 வோல்ட் மோட்டார் நின்ற நிலையில் முழு வோல்டேஜ் கிடைத்தால் 48 ஆம்பியர் இழுக்கும். அச்சு இறுகிய மோட்டார் கன்ட்ரோலரை இந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

சப்ளையை பேட்டரி முனையில் அளக்காதீர்கள். கன்ட்ரோலரின் முனையில், சுமையோடு அளந்து பாருங்கள். பல கன்ட்ரோலர்கள் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தாமாக நின்றுவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் வழியில் பியூஸ் ஹோல்டரோ கனெக்டரோ கருகியிருந்தால் இதே அறிகுறி வரும். 20 ஆம்பியர் ஓடும் ஒரு கனெக்டரில் அரை வோல்ட் விழுந்தால் அந்த இடத்தில் 10 வாட் சூடாக மாறுகிறது. பிளாஸ்டிக் உருகியிருந்தால் கனெக்டரை மாற்றிவிட்டுப் பிறகு போர்டைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது வால்யூம், அதாவது பொட்டன்ஷியோமீட்டர். இரண்டு ஓரக் கால்களுக்கு இடையே அதன் மேல் எழுதியிருக்கும் மதிப்பு கிடைக்க வேண்டும். நடுக்காலுக்கும் ஓரத்துக்கும் இடையே மெதுவாகத் திருகும்போது இடையில் அறுந்து போகாமல் ஏற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தாவினால் அந்த இடத்தில் மோட்டார் குலுங்கும். வால்யூமைப் புதிதாகப் போடுங்கள், ஸ்ப்ரே அடித்துச் சமாளிப்பது நீடிக்காது.

மோட்டார் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது என்று வரும் போர்டுகளில் பலருக்குத் தோன்றாத காரணம் ஒன்று உண்டு: வால்யூமின் கிரவுண்டு பக்கத்து ஒயர் அறுந்திருப்பது. கீழே இழுக்கும் வழி இல்லாததால் நடுக்காலின் வோல்டேஜ் உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஓர் ஒயரைச் சால்டர் செய்ய வேண்டிய இடத்தில் மாஸ்ஃபெட்டைக் கழற்றிக்கொண்டிருப்போம். ஸ்கூட்டர் வகையில் வால்யூமுக்குப் பதில், காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வைத்த த்ராட்டில் இருக்கும். அதற்கு 5 வோல்ட் வருகிறதா, திருகும்போது சிக்னல் ஒயரில் ஒரு வோல்ட் அளவிலிருந்து நாலு வோல்ட் அளவுக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். பிரேக் லீவரில் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலும் மோட்டார் அசையாது. சில கன்ட்ரோலர்கள் பவர் வரும் நேரத்தில் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால்தான் கிளம்பும். அது பாதுகாப்புக்காக வைத்தது, பழுது இல்லை.

போர்டைத் திறக்காமலே மூன்று அளவுகள்

சாதாரண ஒரு திசை பிடபிள்யூஎம் கன்ட்ரோலரின் உள்ளமைப்பு எளிது. பேட்டரி பிளஸ் நேராக மோட்டார் பிளஸ் முனைக்குப் போகும். மோட்டார் மைனஸ் முனை மாஸ்ஃபெட்டின் டிரெயின் காலுக்கு; அதன் சோர்ஸ் கால் பேட்டரி மைனஸுக்கு. மோட்டார் முனைகளின் குறுக்கே, மாஸ்ஃபெட் ஆஃப் ஆகும்போது மோட்டார் கரண்டுக்கு வழிவிடும் ஃப்ரீவீலிங் டையோடு, அதன் கேத்தோடு பிளஸ் பக்கம். இந்தப் படம் மனத்தில் இருந்தால் மீட்டரின் டையோடு மோடில், பேட்டரியும் மோட்டாரும் கழன்ற நிலையில், வெளி முனைகளிலேயே பவர் பகுதி முழுவதையும் சோதித்துவிடலாம்.

சிவப்பு முள்ளை பேட்டரி மைனஸிலும் கருப்பு முள்ளை மோட்டார் மைனஸிலும் வையுங்கள். மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு 0.4 முதல் 0.6 வோல்ட் வரை காட்டும். முட்களை மாற்றினால் எதுவும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் மாஸ்ஃபெட் ஷார்ட்.

இப்போது சிவப்பு மோட்டார் மைனஸில், கருப்பு மோட்டார் பிளஸில். குறைந்த வோல்ட் மட்டுமே விழும் ஷாட்கி டையோடு என்றால் 0.15 முதல் 0.3 வோல்ட் வரை, சாதாரண சிலிக்கான் என்றால் அரை வோல்ட் அளவில். இரண்டு பக்கமும் திறந்தே காட்டினால் டையோடு ஓப்பன்.

கடைசியாக பேட்டரி பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே. மீட்டரின் எண் மெல்ல ஏறும். அது உள்ளே உள்ள கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவது. பூஜ்யத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட்.

மாஸ்ஃபெட், டையோடு இரண்டும் சேர்ந்து ஷார்ட் ஆகியிருந்தால் யாரோ பேட்டரியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். திருப்பி மாட்டும்போது மாஸ்ஃபெட்டின் உள் டையோடும் ஃப்ரீவீலிங் டையோடும் ஒன்றன்பின் ஒன்றாக நேராகக் கடத்தும். தடுக்க எதுவும் இருக்காது. டையோடு ஓப்பன், மாஸ்ஃபெட் ஷார்ட் என்றால் கதை வேறு: டையோடு முதலில் போய், அதனால் மாஸ்ஃபெட் போயிருக்கிறது.

டையோடு ஏன் இத்தனை முக்கியம்

பழுதுபார்ப்பவர்கள் அதிகம் அலட்சியப்படுத்தும் பாகம் இந்த டையோடு. மாஸ்ஃபெட் ஆஃப் ஆன கணத்திலும் மோட்டார் காயிலில் ஓடும் கரண்ட் நிற்பதில்லை. இண்டக்டன்ஸ் அதை ஓடவைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்டுக்கு வழி டையோடுதான்.

எண்களில் பார்ப்போம். மோட்டார் கரண்ட் 20 ஆம்பியர், ஆன் நேரம் 30 சதவீதம். மாஸ்ஃபெட் 30 சதவீத நேரமே கடத்துகிறது. மீதி 70 சதவீத நேரமும் டையோடுதான். ஐஆர்எஃப் 3205 போன்ற 8 மில்லி ஓம் மாஸ்ஃபெட்டில் கடத்தும் இழப்பு அந்த நேரத்தில் 3.2 வாட், சராசரியில் ஒரு வாட். டையோடில் சராசரி 14 ஆம்பியர். ஷாட்கியில் அரை வோல்ட் வீதம் 7 வாட், ஒரு வோல்ட் விழும் சிலிக்கான் டையோடில் 14 வாட். மெதுவாக, பாரத்தோடு ஓடும் வண்டியில் மாஸ்ஃபெட்டைவிட டையோடுதான் வேகிறது. அதே நேரத்தில் பேட்டரியிலிருந்து வரும் சராசரி கரண்ட் வெறும் 6 ஆம்பியர். பேட்டரி ஒயரில் அம்மீட்டரை வைத்துப் பார்த்தவர் ஆறு ஆம்பியருக்கா இது எரிந்தது என்று குழம்புவது இதனால்தான்.

மாற்றுப் பாகம் தேடும்போது கையில் கிடைத்த 1என்4007ஐப் போட வேண்டாம். அது ஒரு ஆம்பியர் டையோடு. அதோடு மெதுவாக ஆஃப் ஆகும் இனம். 20 கிலோஹெர்ட்ஸில் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் ஒவ்வொரு தடவையும் அந்த டையோடு இன்னும் மூடாமல் இருந்தால் பேட்டரிக்குக் குறுக்கே கணநேர ஷார்ட் ஏற்படும். 12 வோல்ட் போர்டுகளுக்கும் 24 வோல்ட் போர்டுகளுக்கும் எம்பிஆர் 2045 மாதிரி 45 வோல்ட் ஷாட்கி பொருந்தும். 48 வோல்ட்டுக்கு அதைவிட அதிக வோல்டேஜ் தாங்குவது வேண்டும். லைன் வோல்டேஜ் பிடபிள்யூஎம் போர்டுக்கு எம்யுஆர் 1560 போன்ற வேகமான டையோடு. மோட்டாரின் முழு கரண்டையும் தாங்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பேட்டரி கரண்டைப் பார்த்து வேண்டாம். ஹீட் சிங்க்கும் அவசியம்.

உலர்ந்த கெப்பாசிட்டர் செய்யும் கொலை

இன்னொரு மௌனக் குற்றவாளி சப்ளைக்குக் குறுக்கே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். பேட்டரியிலிருந்து வரும் ஒயருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. 20 ஆம்பியர் 100 நானோ நொடியில் நிறுத்தப்பட்டால் அந்த ஒரு மைக்ரோஹென்றி 200 வோல்ட் உதையைக் கொடுக்க முடியும். 55 வோல்ட் மாஸ்ஃபெட் அதை எத்தனை நேரம் தாங்கும்? நல்ல கெப்பாசிட்டர் அந்த உதையை விழுங்கிவிடும். உள்ளே உலர்ந்து தொடர் ரெசிஸ்டன்ஸ் (ஈஎஸ்ஆர்) ஏறிய கெப்பாசிட்டர் விழுங்காது.

தலை உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். உப்பாமலும் கெட்டிருக்கும், ஈஎஸ்ஆர் மீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் மாஸ்ஃபெட் மாற்றும் ஒவ்வொரு வேலையிலும் இதையும் மாற்றிவிடுவதே என் வழக்கம். 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் வகை. 24 வோல்ட் அமைப்புக்கு 50 வோல்ட் மதிப்பு. மாஸ்ஃபெட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், கால்களை நீளமாக விடாமல். பேட்டரி ஒயரை யாராவது நீட்டியிருந்தால் அதைக் குட்டையாக்குங்கள். பிளஸும் மைனஸும் ஒட்டியே போகட்டும்.

போர்டைத் திறந்த பிறகு

கருகிய இடம், வெடித்த ஐசி, தூக்கிய டிராக் இவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். பலர் கவனிக்காதது கனமான பாகங்களின் அடியில் உள்ள சால்டர். பெரிய கெப்பாசிட்டர், ஸ்க்ரூ கனெக்டர், ரிலே, ஹீட் சிங்க்கில் இறுக்கிய பாகங்கள் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் இருக்கும். சூடேறினால் விட்டுவிட்டு ஓடும் கோளாறுக்கு அதுதான் காரணம். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட மாஸ்ஃபெட்கள் இணையாக இருந்தால், ஒன்று ஷார்ட் ஆனாலும் மீட்டரில் எல்லாமே ஷார்ட் போலத்தான் தெரியும். கழற்றித் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். கழற்றிய மாஸ்ஃபெட்டில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஏதாவது எண் வந்தால் கேட் ஓட்டை. டிஓ-220 உறையில் எழுத்து நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். உலோகப் பட்டை டிரெயினோடு சேர்ந்தது.

மாஸ்ஃபெட் சாகும்போது டிரெயின் வோல்டேஜ் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்திருக்கும். ஆகவே கேட் ரெசிஸ்டர், கேட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கே வோல்டேஜை மட்டுப்படுத்தும் ஜீனர் டையோடு இருந்தால் அதுவும், டிரைவர் டிரான்சிஸ்டர்கள் அல்லது டிரைவர் ஐசி இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் புதிய மாஸ்ஃபெட். இந்த 10 கிலோ ஓம் ஓப்பன் ஆனால் கேட் அந்தரத்தில் மிதக்கும். பவர் கொடுத்ததும் மோட்டார் ஒரு தடவை துள்ளும், சில சமயம் மாஸ்ஃபெட் அந்தத் துள்ளலிலேயே போய்விடும்.

மாஸ்ஃபெட் இல்லாமல் கன்ட்ரோல் பகுதியை ஓட்டுங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிடாதீர்கள். மாஸ்ஃபெட்களைக் கழற்றிய நிலையில் பெஞ்ச் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 100 மில்லி ஆம்பியரில் வைத்து பேட்டரியில் ஓடும் வகைப் போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். இந்த நிலையில் எரிய எதுவும் இல்லை.

முதலில் உள் சப்ளை. 24 வோல்ட் போர்டில் 7812 ரெகுலேட்டர் இருந்தால் வெளியே 12 வோல்ட் வர வேண்டும். 7812 உள்ளீட்டில் 35 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 24 வோல்ட் போர்டைப் 36 வோல்ட் பேட்டரியில் ஓட்டியிருந்தால் அது போனதில் வியப்பில்லை. 

அடுத்து பிடபிள்யூஎம் ஐசி. 555 என்றால் 8ஆம் காலில் சப்ளை, 1இல் கிரவுண்டு, 4ஆம் கால் மேலே இழுக்கப்பட்டிருக்க வேண்டும், 3ஆம் காலில் வெளியீடு. டிஎல் 494 என்றால் 12ஆம் காலில் சப்ளை, 7இல் கிரவுண்டு, 14இல் 5 வோல்ட் அளவில். 4ஆம் காலின் வோல்டேஜ் 3 வோல்ட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ஐசி தானாக வெளியீட்டை நிறுத்திவிடும், அப்போது அந்தக் காலை யார் ஏற்றுகிறார்கள் என்று தேட வேண்டும். எஸ்ஜி 3525இல் சப்ளை 15, கிரவுண்டு 12, ரெஃபரன்ஸ் 16இல் 5.1 வோல்ட், நிறுத்தும் கால் 10, வெளியீடு 11, 14.

ஸ்கோப் இல்லாதவர்களுக்கு மல்டிமீட்டரே போதும். பிடபிள்யூஎம் அலையை டிசி மோடில் அளந்தால் மீட்டர் சராசரியைக் காட்டும். கேட் இருந்த இடத்துக்கும் சோர்ஸ் இருந்த இடத்துக்கும் இடையே முட்களை வைத்து வால்யூமைத் திருகுங்கள். கேட் சப்ளை 12 வோல்ட் என்றால் பூஜ்யத்திலிருந்து 12 வரை வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும்; நடுவில் ஆறுக்கு அருகில். உச்சத்தில் 7 அல்லது 8இல் நின்றால் கவனம். டிரைவர் பலவீனமாக இருக்கலாம், ஆன் நேரமே அத்தோடு வரம்பு கட்டப்பட்டிருக்கலாம். கேட் சப்ளையைத் தனியே அளந்து பிரித்தறியுங்கள். சாதாரண மாஸ்ஃபெட் முழுதாக ஆன் ஆக கேட்டுக்கு 10 வோல்ட் வேண்டும். 6 வோல்ட்டில் அது அரைகுறையாகத் திறந்து, ஹீட்டராக மாறும். மாஸ்ஃபெட் சும்மா சூடாகிறது என்பதன் பின்னணி பெரும்பாலும் இதுவே.

எஸ்சிஆர் போர்டு என்றால்

வழக்கமான அமைப்பு இரண்டு எஸ்சிஆர், இரண்டு டையோடு சேர்ந்த பிரிட்ஜ்; பலவற்றில் கூடுதலாக ஃப்ரீவீலிங் டையோடு. கழற்றிய எஸ்சிஆரில் ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையே இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும். கேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே குறைந்த எண் வரும். பியூஸ் பவர் கொடுத்ததும் போனால் ஏதோ ஒன்று ஷார்ட். மோட்டார் உறுமிக்கொண்டு, பாதிச் சக்தியில், சீக்கிரம் சூடானால் ஓர் எஸ்சிஆர் ட்ரிக்கர் ஆகவில்லை; 50 ஹெர்ட்ஸ் லைனில் நொடிக்கு 100 தடவை வர வேண்டிய உந்துதல் 50 தடவைதான் வருகிறது.

காந்தத்துக்குப் பதில் ஃபீல்டு காயில் உள்ள ஷண்ட் மோட்டாரில் ஃபீல்டு சப்ளையை முதலில் பாருங்கள். ஃபீல்டு அறுந்த நிலையில் ஆர்மேச்சருக்கு மின்சாரம் போனால் கரண்ட் தாறுமாறாக ஏறும். சுமை இல்லாவிட்டால் மோட்டார் கட்டுக்கடங்காத வேகத்துக்குப் போகும்.

இந்தப் போர்டுகளில் சின்னச் சின்னத் திருகுகளாகக் குறைந்த வேகம், அதிக வேகம், முடுக்கம், கரண்ட் லிமிட், ஐஆர் காம்பன்சேஷன் ஆகியவை இருக்கும். தொடும் முன் ஒவ்வொன்றின் நிலையையும் மார்க்கரால் குறியுங்கள். சுமை ஏறும்போது வேகம் விழாமல் தாங்குவது ஐஆர் காம்பன்சேஷன். அளவுக்கு மேல் திருகியிருந்தால் மோட்டார் ஏறி இறங்கித் தள்ளாடும். முந்தைய கை எதையாவது திருகிவிட்டுப் போன போர்டுகளில், பாகம் எதுவும் மாற்றாமல் இதைக் குறைத்தாலே சரியாகிவிடுவது உண்டு.

பாகத்தை மாற்றும்போது

தடித்த டிராக்கில் உள்ள மாஸ்ஃபெட்டை முழுதாக இழுத்தால் டிராக்கும் சேர்ந்து வரும். உடம்பை முதலில் கால்களில் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி எடுங்கள். இணையாக உள்ளவை என்றால் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் ஒரே வகையாக மாற்றுங்கள். தப்பிப் பிழைத்தவை ஏற்கெனவே அடிபட்டவை. வோல்டேஜ் தேர்வில் கஞ்சத்தனம் கூடாது: 24 வோல்ட்டுக்கு 55 அல்லது 60, 48 வோல்ட்டுக்கு 100.

போலி மாஸ்ஃபெட்கள் சந்தையில் ஏராளம். ஈயம் வைப்பதற்கு முன் சோதியுங்கள்: கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியாக ஒரு ஆம்பியர் ஓடவிட்டு, கால்களின் அடியிலேயே முள்ளை வைத்து டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே மில்லிவோல்ட் அளந்து பாருங்கள். அசல் ஐஆர்எஃப் 3205இல் சுமார் 8 மில்லிவோல்ட், ஐஆர்எஃப்இசட் 44என்இல் 17க்கு அருகில். 30, 40 என்று வந்தால் உறையின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

ஹீட் சிங்க்கில் இன்சுலேஷன் ஷீட் இருந்த இடத்தில் மறுபடியும் ஷீட் போடுங்கள். திருகை இறுக்கியபின் பட்டைக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே கன்டினியூட்டி இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தெர்மல் பேஸ்ட் மெல்லியதாகப் போதும். டிராக் கருகியிருந்தால் அதன் மேல் தடித்த செம்புக் கம்பியைப் படுக்கவைத்து ஈயம் விடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் நேரம்

பெஞ்ச் சப்ளையில் இரண்டு ஆம்பியர் லிமிட். இல்லையென்றால் பேட்டரிக்குத் தொடரில் பல்பு. 24 வோல்ட்டுக்கு 21 வாட் கார் பல்பு இரண்டைத் தொடராக மாட்டுங்கள். லைன் வோல்டேஜ் போர்டுக்கு 60 முதல் 100 வாட் இழை பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் அது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனது. நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்வரை பாகங்கள் பிழைத்திருக்கும்.

மோட்டார் இருந்த இடத்திலும் முதலில் ஒரு பல்பு. சுமையே இல்லாமல் மீட்டரை மட்டும் வைத்து வெளியீட்டை அளந்தால் ஏமாற்றும்: மாஸ்ஃபெட் ஆஃப் ஆனபோது மோட்டார் மைனஸ் முனை மிதக்கிறது; எஸ்சிஆர் நிலைத்து நிற்கவோ ஓரளவு கரண்ட் ஓட வேண்டும். அளப்பதும் மோட்டார் பிளஸுக்கும் மோட்டார் மைனஸுக்கும் இடையே. பேட்டரி மைனஸிலிருந்து அளந்தால் தலைகீழாகத் தெரியும். வால்யூமைத் திருகத் திருக பல்பு சீராகப் பிரகாசமாக வேண்டும், பூஜ்யத்தில் முழுதாக அணைய வேண்டும்.

அது சரியென்றால் சுமையில்லாத மோட்டார், பிறகு சப்ளையிலிருந்து தொடர் பல்பை எடுத்துவிட்டு பியூஸோடு நேரடி, பிறகு பாதிச் சுமையில் பத்து நிமிடம். நிறுத்தி, மின்சாரத்தைப் பிரித்து, ஹீட் சிங்க், டையோடு, கெப்பாசிட்டர், கனெக்டர் நான்கையும் வெப்பமானியால் பாருங்கள். கெப்பாசிட்டர் தொட முடியாத சூட்டில் இருந்தால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை இணையாகச் சேர்க்க வேண்டும். கனெக்டர் மட்டும் சூடு என்றால் கிரிம்ப் சரியில்லை. சுமை ஏறியதும் மட்டும் கன்ட்ரோலர் நின்று போனால் கரண்டை அளக்கும் சின்ன ரெசிஸ்டரான ஷண்டைச் சுற்றிய சால்டரைப் பாருங்கள். அங்கே சில மில்லி ஓம் கூடினாலும் கரண்ட் அதிகம் என்று போர்டு தவறாக நினைத்துக்கொள்ளும்.

எப்போது விட்டுவிடுவது

கருகிய கரி மின்சாரத்தைக் கடத்தும். லைன் வோல்டேஜ் போர்டில் ஃபைபர் உட்புறம்வரை கரியாகியிருந்தால், சுரண்டி எடுத்து வெட்டவெளியாக்க முடியாத இடமென்றால், அந்தப் போர்டை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டாம். உள் சப்ளை 5 வோல்ட்டாகச் சரியாக வந்தும் மைக்ரோகன்ட்ரோலர் எந்த வெளியீடும் தரவில்லை, நிறுத்தும் சிக்னல்களும் இல்லை என்றால், அதே எண்ணில் புதிய சிப் வாங்கிப் போட்டும் பயனில்லை. அதற்குள் இருந்த புரோகிராம் வெற்றுச் சிப்பில் வராது. கருப்பு எபாக்சியில் மூழ்கிய சின்னக் கன்ட்ரோலர்களுக்கும் இதே கதிதான். குடைந்து எடுக்கும் நேரத்தில் அதற்கு இணையானதைப் பொருத்திவிடலாம். பொருத்தும்போது வோல்டேஜும் மோட்டாரின் கரண்டும் மட்டும் பார்த்தால் போதாது. த்ராட்டில் வால்யூமா ஹால் சென்சாரா, வால்யூம் என்றால் எத்தனை கிலோ ஓம், பிரேக் சுவிட்ச் மூடினால் நிற்கிறதா திறந்தால் நிற்கிறதா என்று பழைய போர்டில் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள்.